தாலியைக் கழற்ற மறுத்த அந்த ஒரு நாள்

என் தங்கமான அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதமாகிறது. அத்தான் இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தனியாகத்தான் பொங்கிச் சாப்பிடுகிறார். ராஜபாளையத்துக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று கூப்பிட்டால், "உங்க அக்கா வந்தா வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதும்மா" என்கிறார்.

வத்திராயிருப்புத் தோப்பில் உன் காலில் ஏறிய ஆணியை நீ பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை இருக்கிற உடம்பு என்பதையும் மறந்துவிட்டாய். மதுரைக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்து, முழங்கால்வரை வீங்கியிருந்தது. அழுகிய சதையை அறுத்தெடுத்த பிறகு டாக்டர் சொன்னார்: "இந்தக் கிருமிக்கு ஆக்சிஜன் ஆகாது. கண்ணாடிக் கூண்டுக்குள்ள படுக்க வச்சு, அழுத்தத்துல ஆக்சிஜன் குடுக்கணும். மருந்தோட இதையும் இன்னைக்கே ஆரம்பிக்கணும். ஆனா உள்ள ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது."

வளையல், தோடு, மெட்டி எல்லாம் கழற்றினாய். தாலி என்றதும் கையால் பொத்திக்கொண்டாய். "அவிய உசுரோட வாசல்ல நிக்காவ. நான் தாலியக் கழட்டணுமா? ஏட்டி, நீயுமா சொல்லுத?"

பிறந்ததிலிருந்து உன் பேச்சைக் கேட்டவள் இல்லை நான். உன் புதுச்சேலையை உன்னைக் கேட்காமலே எடுத்து உடுத்தியவள். அன்று மட்டும் உன் கண்ணீரைப் பார்த்து உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டேன். டாக்டரிடம் போய், "நாளைக்குப் பாப்போம் சார்" என்றேன். அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நான் அசையவில்லை.

மறுநாள் காலையில் நர்ஸ் கேட்டாள்: "மஞ்சக் கயித்துல ஒரு வெரலி மஞ்சளக் கட்டிக்கிட்டா என்னக்கா?" தாலி அடகுக்குப் போனால் நம் பக்கத்துப் பெண்கள் அப்படித்தானே கட்டிக்கொள்வார்கள்! நம் ரெண்டு பேருக்கும் ஏன் தோன்றாமல் போனது? அத்தானே கட்டிவிட்டார். கூண்டுக்குள்ளிருந்து, காது அடைக்கிறது என்று சைகை காட்டிச் சிரித்தாய். ரெண்டு முறைதான் உள்ளே போனாய். அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது.

"முந்துன நாளே போயிருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா? நெஞ்சு ஆறமாட்டேன் என்கிறது, அக்கா.

போன வாரம் எதிர்வீட்டு மாரியம்மாவின் காலில் புண் கறுத்திருந்தது. "நாளைக்குப் பாப்போம்க்கா" என்றாள். அவளைத் திட்டி, அந்த நிமிடமே ஆட்டோவில் ஏற்றினேன். பிழைத்துக்கொண்டாள். அவள் வீட்டார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது. உனக்கு இதைச் செய்யவில்லையே.

'நாளைக்கு' என்று இனி நான் சொல்லமாட்டேன். யார் சொன்னாலும் விடமாட்டேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

அந்த ஒரு நாள் மட்டும் உன் பேச்சைக் கேட்ட
உன் தங்கை