ஆடியில் விடுமுறை

பாரிஸ்,
5.11.1978

அன்புள்ள சுந்தரிக்கு,

வரும் ஆகஸ்டில் முதல் பதினைந்து நாள் தொழிற்சாலையை மூடுவார்கள் என்று மேஸ்திரி நேற்று உறுதியாகச் சொன்னார். அப்போது ஊருக்கு வருகிறேன். கோயிலில் கல்யாணத்தை முடித்து உன்னைக் கூட்டிக்கொண்டு திரும்பலாம். புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் நம் பதிவுத் திருமணம் முடிந்த மறுவாரமே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. உன்னோடு சரியாகப் பேசக்கூட இல்லை.

காரைக்கால் முத்து முகம்மது அண்ணன் அறையில் இருக்கிறேன். இங்கே அரிசியை ஓட்டை போட்ட பையோடு கொதிக்க வைக்கிறார்கள். நான் பையைக் கிழித்துக் கொட்டி வடித்தேன், அண்ணன் சிரித்தார். மீன் வறுத்ததற்குக் கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து சண்டை போட்டாள். முதல் நாளே சுரங்க ரயிலில் எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

அன்புடன்,
சோமசேகரன்

நெடுங்காடு,
18.11.1978

மதிப்பிற்குரியவருக்கு,

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆடியில தாலி கட்டணுங்கிறாரே, அந்த ஊர்ல பஞ்சாங்கமே கெடையாதா?" என்றார். நீங்கள் சொன்ன பதினைந்து நாளும் ஆடிக்குள்தான். ஆகஸ்ட் பதினேழில்தான் ஆவணி பிறக்கிறது.

தாலி ஏறாமல் என்னை அனுப்ப மாட்டாராம். கையெழுத்துப் போட்டால் கல்யாணம் ஆகிவிடுமா என்று பக்கத்து வீட்டுக் காசியம்மா தினமும் கேட்கிறாள். நாலைந்து நாள் கூடுதலாக லீவு கேட்டுப் பாருங்களேன். குளிரில் வெறும் சட்டையோடு வெளியே போகாதீர்கள்.

இப்படிக்கு,
கை. கல்யாணசுந்தரி

பாரிஸ்,
20.12.1978

அன்புள்ள சுந்தரிக்கு,

கேட்டேன். ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்றார் மேஸ்திரி. கூடுதல் லீவு இனி 1980இல்தான் கிடைக்குமாம். இதை உன் அப்பாவுக்கு எழுதினேன். அதுவரை பெண்ணை வைத்துக்கொண்டிருக்க முடியாது, பதிவை ரத்து செய்துவிடலாம் என்று பதில் போட்டிருக்கிறார். நீயும் அதையே சொன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உன் எண்ணம் எனக்குத் தெரியவில்லை. எழுது.

சோமசேகரன்

நெடுங்காடு,
4.1.1979

அன்புள்ளவருக்கு,

அப்பா நேற்று சம்மதித்தார். அவர் வாயால் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

"கையெழுத்துப் போட்டது நாந்தானே அப்பா? ரத்து பண்ணுறதுக்கும் நாந்தான் போடணும். போட மாட்டேன்" என்றேன். இரண்டு நாள் திண்ணையிலேயே சாப்பிட்டார். நேற்று ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துத் தாலிக்குச் சொல்லிவிட்டார். "அவருக்கு லீவு இல்லன்னா நீ போ. அங்கயே கட்டட்டும்" என்றார். அம்மாதான் அழுதுகொண்டிருக்கிறாள். காசியம்மா இன்று ஒன்றும் கேட்கவில்லை.

தை இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே முகூர்த்தம். மேஸ்திரியிடம் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். நம் இருவருக்கும் ஓர் அறை பாருங்கள். மீன் வறுத்தால் கோபப்படாத வீடாக இருக்கட்டும்.

விசா பொங்கல் கழிந்த வாரம் வரும் என்று துணைத் தூதரகத்தில் சொன்னார்கள். முகூர்த்தம் நம் ஊர் மணிக்கா, பாரிஸ் மணிக்கா என்று ஜோசியர் இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

உங்கள்
சுந்தரி