கப்பலுக்குக் காவல்

2024 பிப்ரவரி 6

மத்தியானம் கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் ஹாலித் போன் செய்தார். ஐந்து மாதமாக அரபு நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறார்கள். முதலாளியின் கடன் பாக்கிக்காகக் கோர்ட்டு கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறது. முதலாளி எங்கே என்றேன்.

"முதலாளி கிரீஸ்காரர், கொடி பனாமாவோடது, ஆள் எடுத்தது வேற கம்பெனி. கேட்டா ஒருத்தரு இன்னொருத்தரைக் கை காட்டுறாங்க ஷரபு."

உலகத்தில் நிறையக் கப்பல் கிரீஸ்காரர்களிடம்தான் இருக்கிறதாம். அப்புறம் சீனா, ஜப்பான். இங்கே காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் கொண்டுவரும் லாரியில் கண்ணாடிக்கு மேலே முதலாளி பெயர், பின்னால் அவர் பிள்ளைகள் பெயர் இருக்கும். ஒருமுறை பாலக்கரையில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றது. முதலாளி லுங்கியோடு ஓடி வந்து, முதலில் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பால் டீ. எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன்.

மார்ச் 3

அதே கப்பலின் சீஃப் இன்ஜினியர், பொன்மலை பிலோமின்ராஜ் அண்ணன், ஊர் வந்துவிட்டாராம். எல்லாரையும் அனுப்பிவிட்டார்களாம். அப்படியென்றால் ஹாலித்?

மார்ச் 4

பொன்மலைக்குப் போனேன். வாசலில் அண்ணன் செருப்பு கிடந்தது. "அவரு இல்லைங்க அக்கா" என்றாள் அவர் மனைவி பெலிண்டா. உள்ளே இருமல் கேட்டது.

சாயங்காலம் ஹாலித் சொன்னார்: "காவலுக்கு ஒரு ஆள் கப்பல்லயே இருக்கணும்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அண்ணனைத்தான் இருக்கச் சொன்னாங்க. 'ரெண்டு வாரம்தான் தம்பி, மாத்து ஆள் அனுப்புறேன்'னாரு. நான்தான் காவல்னு எழுதின பேப்பர் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அவரு தமிழ்ல கேட்டாரேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

வருஷா வருஷம் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில வாங்கிட்டுப் போன மனுஷன்! கறித்துண்டு பார்த்துப் பார்த்துப் போட்டேனே. கிரீஸ்காரன் என்னை அறியமாட்டான் — இவருக்கு என்ன வந்துச்சு?

மே 19

அபூர்வமாகப் பெய்த மழையில் ஹாலித் குடிக்கத் தண்ணீர் பிடித்தாராம். தன்னந்தனியாக. இங்கே மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 11

கப்பல் ஏலம் போனது. ஹாலித் வந்துவிட்டார். ஏர்போர்ட்டில் அடையாளம் தெரியாமல் அவரைத் தாண்டிப் போய்த் தேடினேன்.

2025 ஜனவரி 20

பெலிண்டா வந்தாள். பிலோமின்ராஜ் வேறு கப்பலில் நடுக்கடலில் இருக்கிறாராம், போன் எட்டவில்லை. அவள் தம்பிக்கும் கப்பல் வேலை கிடைத்திருக்கிறது, நல்ல கப்பலா என்று ஹாலித்திடம் கேட்க வேண்டுமாம். படம் காட்டினாள். புதுப் பெயர், லைபீரியா கொடி, பளபளவென்று சிவப்புப் பெயிண்ட்.

ஹாலித் நங்கூர ஓட்டைக்குக் கீழே விரலை வைத்தார். சதுரமாக ஓர் ஒட்டு. "இந்தத் தகடு நான் வெல்டிங் வச்சது ஷரபு" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அவள் 'இல்லைங்க அக்கா' என்றதுபோல நானும் எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்தச் செருப்பு கண்ணிலேயே நின்றது. டீ போடப் போனேன், பால் பொங்கும்வரை நின்றேன். திரும்பி வந்து சொன்னேன்:

"இது அதே கப்பல்தான் பெலிண்டா. தம்பியை அனுப்பாதே. போயே தீருவேன்னா, யாரு தமிழ்ல கேட்டாலும் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லு."