உன்னிடமே நின்றுவிட்ட சேதி

இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தேநீர் கட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சிவப்பு ராஃபியா கயிற்றால் சுற்றிக் கட்டி, என் விரலில் மாட்டிவிட்டார். நடைபாதையில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர், "அக்கா, கொஞ்சம் வழி விடுங்க" என்ற பிறகுதான் நகர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் நீ இருந்த அடுக்குமாடி தெரிகிறது. மூன்று மாதத்துக்கு முன் உன் பதினாறாம் நாளுக்கு அந்தப் படியேறி வந்தேன். அதற்கு முன் இருபது வருஷம் உன் முகத்தில் விழிக்க மறுத்தவளும் நான்தான்.

நம் கல்லூரி விடுதி உனக்கு நினைவிருந்திருக்கும். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம், மேட்டை வெட்டி அதன் மடியில் கட்டிய கட்டடம். அறைக்குள் கைப்பேசி மணி பார்க்கத்தான் உதவும். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாலும் லைன் கிடைக்காது. மூன்றாம் மாடி நடையின் கடைசியில், துணி காயப்போடும் கொடிக்கருகில் மட்டும் திரையில் இரண்டு கோடு லைன் காட்டும். கொடியை விட்டு ஒரு சாண் தள்ளினால் அதுவும் போய்விடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவள் நீ. ஈரத்துணி உதறிக்கொண்டிருந்தபோது உன் போன் அடித்ததாம். மறுநாளே தேநீர் வாங்கி வந்த பிளாஸ்டிக் பை ஒன்றைக் கழுவிக் காயவைத்து, போனை உள்ளே போட்டு, கொடியில் கட்டித் தொங்கவிட்டாய். சாரல் அடித்தாலும் நனையாது. ஒரு வாரத்துக்குள் அந்த மாடிப் பெண்கள் எல்லாருடைய போனும் பெயர் எழுதி ஒட்டிய பைகளில் வரிசையாகத் தொங்கின. பார்க்க வந்த வார்டன் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவருக்கும் லைன் கிடையாது.

கொடியிலிருந்து எடுத்தால் லைன் போய்விடும் என்பதால், பையின் மேலேயே பொத்தானை அழுத்தி, குதிகாலைத் தூக்கி, காதைப் பையோடு ஒட்டி வைத்துப் பேச வேண்டும். நீ குள்ளம். உனக்கு மட்டும் கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்று நிரந்தரமாக அங்கே கிடந்தது.

உன் அறை கொடிக்கு அடுத்தது. அதனால் முக்கால்வாசி அழைப்பை நீயே எடுத்தாய். "குளிக்கிறா ஆன்டி, வந்ததும் சொல்லிடுறேன்" என்பாய். மலாய்ப் பெண்களின் வீட்டாரோடு மலாயிலும், சீனப் பெண்ணின் அப்பாவோடு தெரிந்த நாலு சொல்லிலும் ஒப்பேற்றுவாய். ஒருநாள் ஒருத்தியின் காதலன் சொன்னதை இன்னொருத்தி எல்லார் முன்னாலும் உளறிவைக்க, கைகலப்பு வரை போனது. அன்று வாளி மேல் ஏறி நின்று நீ சட்டம் போட்டாய். "யாருக்கு கால் வந்துச்சோ அவகிட்ட மட்டுந்தான் சொல்லணும். சொன்னா முழுசா சொல்லணும். முடியாதுன்னா எடுக்காதீங்க." அந்தச் சட்டத்தை மற்றவர்கள் பாதி நாள் மறந்தார்கள். நீ மறக்கவில்லை.

என் அம்மாவுக்கு உன்னைப் பிடித்துப்போனது. கிள்ளானிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்தவர் அவர். வேலைக்குக் கிளம்பும் முன் அழைப்பார். "பசியாறிட்டியாம்மா?" என்று உன்னைத்தான் முதலில் கேட்பார். நீங்கள் இருவரும் பத்து நிமிஷம் பேசிய பிறகுதான் நீ என்னைக் கூப்பிட வருவாய். எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. உண்மையைச் சொன்னால் அதைவிட நிம்மதிதான் அதிகம். அம்மாவோடு பேசும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டு நான் கட்டிலில் கிடக்கலாம் அல்லவா. "வரலையான்னு கேட்டா என்னடி சொல்றது?" என்பாய். "லைன் கட்டாயிடுச்சுன்னு சொல்லு" என்பேன். அந்தப் பொய்யை நீ ஒருமுறைகூடச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவாய்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வு வாரம். திங்கட்கிழமை என் அறை வாசலுக்கு வந்தாய்.

"அம்மா கூப்ட்டாங்கடி. நல்லா எழுதச் சொன்னாங்க. போன் பேட்டரி வீக்காம், ரெண்டு மூனு நாளைக்கு கூப்புட மாட்டாங்களாம்."

நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. நீ போகாமல் நின்றாய். வேறு ஏதாவதா என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல லா, படி" என்றாய். அதற்கு முன் நீ என்னிடம் பொய் சொன்னதில்லை. அதனால் எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. அந்தக் கொடி என் அறையிலிருந்து முப்பது காலடி தூரம். மூன்று நாளில் ஒரு தடவை நடந்து போய் அம்மாவின் எண்ணை அழுத்திப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

புதன்கிழமை கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே வந்தபோது அண்ணன் காரோடு நின்றிருந்தான். ஷா ஆலம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தான். திங்கட்கிழமையிலிருந்து அம்மா கிள்ளான் ஆஸ்பத்திரியில். நெஞ்சு வலி. மதியத்திலிருந்து நினைவு இல்லை. "உன் கூட்டாளிக்குத் தெரியும். சோதனை முடியற வரைக்கும் உனக்குச் சொல்லக்கூடாதுன்னு அம்மாதான் அவகிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க" என்றான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

மறுநாள் நீ தனியாக ரயிலேறிக் கிள்ளான் வீட்டுக்கு வந்தாய். அழுது அழுது உன் கண் வீங்கியிருந்தது. என் பக்கத்தில் குந்தி, மெதுவாக, "நேத்து காலையில அம்மா கூப்ட்டாங்கடி. நீ சோதனைக்குப் போயிட்ட. உன்கிட்ட சொல்லச் சொல்லி..." என்று ஆரம்பித்தாய்.

நான் முடிக்க விடவில்லை. "சொல்ல வேண்டியத திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும். நீ எனக்குக் கூட்டாளியா, எங்கம்மாவுக்கா? எந்திரிச்சுப் போ" என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாதான் சொல்லாதே என்றார் என்று நீ எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து, செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டாய். மிச்சமிருந்த ஒரு வருஷம் நான் விடுதிக்குத் திரும்பாமல் கிள்ளானிலிருந்தே போய்வந்தேன். நூலகத்தில் உன்னைப் பார்த்தால் வேறு வாசல் வழியாக வெளியேறினேன். என் சோம்பலை நினைத்துக்கொண்டு வாழ்வதைவிட உன்னை வெறுப்பது சுலபமாக இருந்தது.

போன வருஷம் ஒரு மதியம், ஷா ஆலம் அலுவலகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "நான்தான்டி" என்றாய். குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு வந்தது கோபமா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. கைப்பேசியில் கோடு முழுதாக இருந்தது. நான், "ஹலோ, ஹலோ, கேக்கல, இங்க லைன் இல்ல, அப்புறம் கூப்புடுறேன்" என்றேன்.

நீ, "சரிடி. லைன் இருக்கற எடத்துக்கு வந்ததும் கூப்புடு" என்றாய்.

யாரிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னேன் பார். லைன் போகும்போது குரல் எப்படி உடையும், எந்தச் சொல் விழுங்கப்படும் என்று இரண்டு வருஷம் வாளி மேல் நின்று கேட்டவளிடம். நான் கூப்பிடவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளி கழியட்டும் என்று தள்ளினேன். நீ நோயில் கிடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நான்கு மாதம் கழித்துப் பழைய விடுதித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் உன் படத்தை மாலையோடு போட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள், சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, உன் கணவர் வாசல் வரை வந்தார்.

"நீங்கதானா அது? உங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. உங்க அம்மா கடைசியா சொன்னதாம். லைன் இல்லாத எடத்துல இருக்கீங்க, திருப்பி கூப்புடுவீங்கன்னு போனை பக்கத்துலயே வச்சிருந்தா."

என்ன சேதி என்று கேட்டேன். கேட்கும்போதே, அவரிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நானும் கேட்டேன். என்கிட்ட சொல்லு, நான் சொல்லிடுறேன்னேன். முடியாதுன்னுட்டா. 'அது அவளுக்கு வந்த கால், உங்களுக்கு வந்தது இல்ல'ன்னு என்கிட்டயே சொன்னா."

அலமாரிச் சாவி இருக்கும் இடமாக இருக்கலாம். வேளைக்குச் சாப்பிடு என்பதாக இருக்கலாம். நானாக ஒருநாளும் கொடிப் பக்கம் வந்து பேசாததற்கு ஒரு வருத்தமாகவும் இருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து நோயோடு என்னைத் தேடிப் பிடித்தாயே, அப்படியானால் பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றுகிறது. சின்ன விஷயம் என்றாலும் நீ தேடித்தான் பிடித்திருப்பாய் என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டு பேரும் போய்விட்டீர்கள். யாரைக் கேட்பேன்?

இப்போதெல்லாம் எந்த எண்ணிலிருந்து வந்தாலும் எடுத்துவிடுகிறேன். உங்கள் பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது என்கிறார்கள், பரிசு விழுந்திருக்கிறது என்கிறார்கள். பாதிக்கு மேல் ஏமாற்றுக்காரர்கள் என்று எனக்கும் தெரியும். "ஏன்மா அவனுங்களோட பேசிக்கிட்டு இருக்க, வச்சிடு" என்று மகள் திட்டுகிறாள். என்னால் வைக்க முடியவில்லை. எதிர்முனையில் இருப்பவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.