முந்நூற்றெட்டை விரும்பின அண்ணாவுக்கு

என்ரை ஆசை அண்ணா,

முதலில் நான் கண்டது ஒரு சின்னச் செம்புத் துண்டு. நீங்கள் செத்த எட்டாம் நாள், உங்கட எட்டுச் செலவுக்கு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி எதிலோ கிறீச்சென்று பட்டது. எலும்பு என்று நினைத்து விரலால் தோண்டினேன். நகத்தளவு செம்பு, பூவிதழ் மாதிரிச் சுருண்டு, ஓரம் கூராக இருந்தது. குழாயில் பிடித்துக் கழுவினேன். அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்லித் தந்ததுதானே.

உங்கட முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கினம். இஞ்சை இத்தாலியில் பல்லரோச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற ராசன் மாமா வந்து, "நீயும் ஒரு பக்கம் எழுது பிள்ளை" என்றார். நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள், எனக்கு எழுத வராது என்றேன். "அண்ணாவோடை கதைக்கிற மாதிரி எழுதன்" என்றார். நான் ஆக்களோடு கதைக்கிறது குறைவு. உங்களோடு மட்டும் கதைப்பேன். அதனால் இப்படி எழுதுகிறேன்.

மலரை வாசிக்கிற எல்லாருக்கும் உங்களைத் தெரியும். ஆனால் நீங்கள் வேலை செய்த இடத்தைப் பற்றி ஒருவரும் எங்கட வீட்டில் வாய் திறப்பதில்லை. "ரவி போர்கோ வெக்கியோவிலை ஒரு கடையிலை நிக்கிறான்" என்று மட்டும் அம்மா சொல்லுவா. என்ன கடை என்று கேட்டால், "சப்பாத்துக் கடை" என்பா. சப்பாத்தும் வித்தீர்கள்தான். மழைக்கோட்டும் வித்தீர்கள். ஆனால் அது துவக்குக் கடை. வேட்டைக்குப் போகிறவர்களும், கடதாசியில் குறி பார்த்துச் சுடுகிறவர்களும் வருகிற கடை.

சனிக்கிழமைகளில் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்து, சப்பாத்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிறது ஒன்றுதான். "திரெச்செந்தொத்தோ." முந்நூற்றெட்டு. எத்தனையோ அளவில் தோட்டா இருக்க, ஏன் எல்லாரும் இதையே கேட்கினம் என்று ஒரு நாள் உங்களிடம் கேட்டேன். உங்கட கண் அப்படி விரிந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அந்தத் தகப்பனும் மகனும் வந்தது ஞாபகம் இருக்கோ? மகனுக்கு முதல் துவக்கு. தகப்பன் இதைவிடப் பெரிய அளவுதான் வேண்டும், மலையில் பன்றியெல்லாம் மாடு போல இருக்கு என்று நின்றார். நீங்கள் சப்பாத்தை அடுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "சிஞ்ஞோர், பெரிய அளவு தோளிலை இடிக்கும். இடிக்குமெண்டு தெரிஞ்சால் மகன் சுட முதலே கண்ணை மூடுவார். கண்ணை மூடினால் பன்றி தப்பிவிடும். நீங்கள் தப்புறதுதான் கஷ்டம்."

கடையே சிரித்தது. பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினீர்கள். முந்நூற்றெட்டு தோளை நோகடிக்காது, காலை முழுக்கச் சுடலாம். காட்டுப் பன்றியை நின்ற இடத்திலே விழுத்தும், மிருகம் காயத்தோடு ஓடி வதைபடாது. அதே துவக்கை ஞாயிற்றுக்கிழமை சுடுதிடலுக்குக் கொண்டு போனால் தூரத்துக் கடதாசியில் சொன்ன இடத்தில் படும். துவக்கும் பாரமில்லை. எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதை எடுத்து வைத்துத் திரும்ப நிரப்பலாம். இன்றைக்குப் பழகத் தொடங்குகிற பொடியனுக்கும், நாற்பது வருஷமாகச் சுடுகிறவருக்கும் அது பொருந்தும்.

கடைக்காரர் சிஞ்ஞோர் நீனோ சிரித்துச் சிரித்து இருமினார். ரவி என்று அவருக்கு வாயில் வராது. "ராவி, நீ வாழ்க்கையிலை ஒரு வெடி சுடேல்லை. பாதிரியார் கலியாணத்தைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிற மாதிரி இருக்கு!"

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கழுத்து சிவந்து போனது. நான் பார்த்தேன்.

ஏன் சுடவில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்கள் அம்மாவிடம் கேட்ட அன்று நானும் அந்த அறைக்குள்ளேதான் இருந்தேன். "சுடுதிடலிலை பெயர் பதியட்டோ அம்மா, சும்மா கடதாசியிலை சுடத்தான்" என்று நீங்கள் கேட்டீர்கள். அம்மா சுவரிலிருந்து அப்பாவின்ரை படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து உங்கட கையைப் பிடித்து அதன் மேல் வைத்தா.

"இவரைத் துவக்குக்குக் குடுத்திட்டு உங்கள் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தனான். இஞ்சை வந்து நீ அதைத் தூக்கப் போறியோ? சுடமாட்டன் எண்டு சொல்லு."

"சுடமாட்டன் அம்மா."

"அந்தக் கடைக்கார மனிசனுக்குச் சாமான் தூக்கிறதெண்டால் தூக்கு. துவக்கைத் தொடாதை."

நீங்கள் தொடவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிஞ்ஞோர் நீனோவோடு சுடுதிடலுக்குப் போய் ஓட்டை விழுந்த கடதாசியைக் கழற்றிப் புதுக் கடதாசி ஒட்டினீர்கள். கோது பொறுக்கினீர்கள். மற்றவர்கள் சுடுவதைப் பின்னால் நின்று பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லுவீர்கள், இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், ஆர் மூச்சை அடக்கிச் சுட்டது, ஆர் அவசரப்பட்டது என்று. சொல்லேக்கை உங்கட வலக்கைச் சுட்டுவிரல் தானாக மடியும். அண்ணா, அது உங்களுக்குத் தெரியுமோ?

இன்னொன்றும் சொன்னீர்கள். அதை நான் உங்கட எட்டுச் செலவு நாள் வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் எங்கட படிக்கட்டில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் திடீரென்று, "ஊரிலை எங்கட வீட்டுப் படலையடியிலை அண்டைக்கு நான் ஒரு கோது எடுத்தனான்" என்றீர்கள். அப்பா விழுந்த நாள். உங்களுக்கு அப்போது பத்து வயது இருக்கும். எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, சிஞ்ஞோர் நீனோ மேசையில் வைத்திருந்த வெற்றுக் கோது ஒன்றைக் கண்டீர்களாம். அதே நீளம், அதே ஒடுங்கின கழுத்து. பட்டாளத்துக்கு ஒரு பெயர், வேட்டைக்காரருக்கு ஒரு பெயர், அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவர் சொல்ல, நீங்கள் பின் கதவால் போய்ச் சத்தி எடுத்தீர்களாம்.

"பிறகு ஏன் அண்ணா அங்கை நிண்டனீங்கள்?"

நீங்கள் சுளையின் வெள்ளைத் தும்பை ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "முதல் ஞாயிறு அந்தாள் சுட்டதைப் பாத்தன். அஞ்சு வெடி. போய்ப் பாத்தால் அஞ்சையும் ஒரு நூறு லீராக் காசாலை மூடலாம். அவர் நினைச்ச இடத்திலைதான் பட்டது, வேறை ஒரு இடத்திலையும் இல்லை. ஊரிலை வெடிச் சத்தம் கேட்டால் அது எங்கை போய்ப் படுமெண்டு ஆருக்குத் தெரியும்? அண்டைக்குத்தான் எனக்கு உள்ளுக்கை இருந்த நடுக்கம் நிண்டது. ஒருக்கால் நானே அப்பிடிச் சுட்டுப் பாத்தனெண்டால் முழுக்கப் போயிடும் போலை கிடக்கு." ஒரு சுளையை என்ரை கையில் வைத்து, "அம்மாவுக்குச் சொல்லிப் போடாதை" என்றீர்கள்.

அந்த ஒருக்கால் உங்களுக்குக் கிடைக்கவேயில்லை. மழை பெய்த காலையில் துறைமுக ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கினது. அவ்வளவுதான். அந்த ரோட்டால் எத்தனை தரம் போனீர்கள், எத்தனை மழைக்குள் போனீர்கள். ஏன் அண்டைக்கு?

இப்போதைய செய்தி சொல்கிறேன். அம்மாவும் நானும் திரும்ப வீட்டு வேலைக்குப் போகிறோம். அம்மா பஸ்ஸில் உங்களைப் போல நடக்கிற ஆரையாவது கண்டால் எழும்பிவிடுகிறா. சிஞ்ஞோர் நீனோ கடையில் உங்கட படத்தை வைத்திருக்கிறார், சப்பாத்துப் பெட்டிகளுக்கு மேலே. அந்தத் தகப்பனும் மகனும் வந்து படத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்களாம். மகன் முந்நூற்றெட்டுத்தான் வாங்கினவர். கண் மூடுகிறதில்லையாம்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று கீழ் வீட்டு சிஞ்ஞோரா நாள் தவறாமல் சூப்பும் பாஸ்தாவும் கொண்டு வந்து தந்தா. "எங்கட வழக்கம் இவைக்கு எப்பிடித் தெரியும்?" என்று அம்மா கேட்டா. அது அவையின்ரை வழக்கமும்தானாம்.

ஏழாம் நாள் சிஞ்ஞோர் நீனோ படியேறி வந்தார். கையில் ஒரு பெரிய பொதி. "இது ராவிக்கு. கடைக்கு வாற ஆக்கள் மலைக்குப் போய் அவனுக்கெண்டே வேட்டையாடினது" என்று சொல்லிவிட்டு அழுதார். காட்டுப் பன்றி இறைச்சி என்று நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

அண்ணா, உங்கட செய்தி வந்த பிறகு அம்மாவின் முகத்தில் முதல் தரம் உயிர் வந்தது அப்போதுதான். "காட்டுப் பண்டியோ? கடவுளே, இவன் சின்னனிலை வன்னிக்குப் போனால் மாமா வீட்டிலை இதுக்கெண்டு அழுவான். எட்டுச் செலவுக்கு என்ன வைக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். அவனுக்கு விருப்பமானது தானா வந்திருக்கு!"

எட்டுச் செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைக்க வேணும். அன்றைக்குப் பிறகு அவருக்கு வீட்டுச் சாப்பாடு இல்லை. அம்மா விடிய எழும்பித் தூள் வறுத்தா. ராசன் மாமாவும் அவரின்ரை மனிசி லீலா மாமியும் வந்து தேங்காய் துருவினார்கள். அம்மா அடுப்பில் சட்டியை வைத்து வெங்காயம் போட்டா. நான் இறைச்சி வெட்டினேன். அப்போதுதான் அந்தச் செம்பு.

"என்னடி அது?" என்று அம்மா என்ரை கையைப் பிடித்தா.

லீலா மாமி எட்டிப் பார்த்து, "இத்தாலிப் பண்டி எல்லோ, பல்லுக்குச் செம்பு கட்டியிருக்கு" என்றா. ராசன் மாமா சிரிக்கவில்லை. "துவக்குச் சன்னத்தின்ரை மேல் தகடு போலை கிடக்கு" என்று மெல்லச் சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தா. "எந்தத் துவக்கு?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பா. நீங்களும் சொல்லாதை என்றுதான் சொன்னனீங்கள். ஆனால் பொய்யைச் சொல்லி உங்களுக்கு அந்தச் சோற்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"முந்நூற்றெட்டு அம்மா. அண்ணாவின்ரை கடையிலை எல்லாரும் வாங்கிறது." செம்பை மேசையில் வைத்தேன். "அப்பாவைச் சுட்டதும் அந்த அளவுதான்."

அம்மா கையை நீட்டி அடுப்பை நூர்த்தா. வெங்காயம் கொஞ்ச நேரம் சட்டிக்குள் சத்தம் போட்டு அடங்கினது.

"அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம். படலையடியிலை கோது எடுத்தவராம்."

"தெரிஞ்சு கொண்டோ அங்கை நிண்டவன்? தெரிஞ்சு கொண்டோ என்னட்டைக் கேட்டவன்?"

நான் படிக்கட்டில் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அஞ்சு ஓட்டை, நூறு லீராக் காசு, உள்ளுக்குள் நின்ற நடுக்கம், எல்லாம். அவ்வளவு நீளமாக நான் ஒருவருக்கு முன்னாலும் கதைத்ததில்லை. என்ரை குரல் எனக்கே வேறை ஆரோடதோ போல இருந்தது.

அம்மா குசினி நிலத்தில் இருந்துவிட்டா. "நான் தொடாதை, தொடாதை எண்டு மட்டும்தான் சொன்னனான்," என்றா. "ஏனடா ஆசைப்படுறாய் எண்டு ஒரு நாள் கேக்கேல்லை. ஒரு ஞாயிறு போட்டு வாடா எண்டு விட்டிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்? பேப்பர்தானே கிழிஞ்சிருக்கும்."

லீலா மாமி அம்மாவின் முதுகைத் தடவி, "அக்கா, இதைக் கொட்டிப் போடுவம். அத்தானைக் கொண்ட சாமானாலை செத்த மிருகத்தைப் பிள்ளைக்கு வைக்கிறதோ? கோழி வாங்கியரச் சொல்லுறன்" என்றா.

"பொடியன் ஆசைப்பட்டது, லீலா," என்றார் மாமா. "அவன்ரை கூட்டாளியள் அவனுக்கெண்டு அடிச்சது."

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்கு எப்பவும் வாய் இறைச்சியிலை."

அம்மா இரண்டு பேரையும் கையால் மறித்தா. "இவள் சொல்லட்டும். அவன் இவளோடைதான் மனம் விட்டுக் கதைச்சவன்." பிறகு என்னைப் பார்த்து, "சொல்லு பிள்ளை. கொண்ணன் ரவிக்கு இதை வைப்பமோ, விடுவமோ?"

எங்கட வீட்டில் என்னை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. மூன்று பேரும் என்ரை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கட படமும்.

அண்ணா, எனக்குத் துவக்கில் ஆசை இல்லை. நான் ஒரு நாளும் சுடமாட்டேன். அதை விரும்ப உங்களால் எப்படி முடிந்ததென்று இன்றைக்கும் எனக்கு முழுக்க விளங்கவில்லை. ஆனால் உங்களைத் "துவக்கு விசர் பிடிச்சவன்" என்று ஆரும் சொன்னால், இனிமேல் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். நீங்கள் எந்தக் கடையில் நின்றீர்கள், எதை விரும்பினீர்கள், ஏன் விரும்பினீர்கள் என்று வாய் திறந்து சொல்லுவேன். இந்த மலரில் எழுதினதும் அதற்குத்தான். இது உங்களுக்கு நான் தருகிற சத்தியம்.

அன்றைக்கு அம்மா கேட்டதற்கு நான் எழும்பிப் போய் அடுப்பைத் திரும்ப மூட்டி, இறைச்சியைச் சட்டியில் போட்டேன்.

உங்கட படிக்கட்டுக் கூட்டாளியும் ஒரே தங்கச்சியுமான,
மாலா