இடது கை உயரும் சட்டை

சட்டைப் பையில் எனக்கென்று எப்போதும் ஒரு பென்சில் துண்டு வைத்திருந்த அண்ணனுக்கு,

நீ கேட்ட, தூசி பிடிக்கும் பெட்டியைச் செய்துவிட்டேன். எட்டு மாதம் பிந்தி.

"தூசி நெஞ்சுக்குள்ள இறங்குதுல. படிச்சவன்தான, ஏதாவது செய்யேன்" என்றாய். நான் படம் வரைந்தேன். திருத்தி வரைந்தேன். நீ போய்விட்டாய்.

இப்போது நீ காலால் மிதித்துப் பொத்தான் கடைந்த கடைசல் இயந்திரத்தில் மதினி உட்காருகிறாள். அதே தாராவி அறை. மாட்டுங்கா சாப்பாட்டுக் கடைகளிலிருந்து மூட்டையாக வரும் அதே தேங்காய்ச் சிரட்டை. யுத்த காலம், சிரட்டைப் பொத்தானை யாரும் வேண்டாம் என்பதில்லை. போன மாதம் அவள் இருமத் தொடங்கினாள். உன்னைப் போலவே. முதலில் காலையில் மட்டும்.

பழைய இரும்புக் கடையில் கொல்லன் உலை விசிறி ஒன்று கிடைத்தது. கடைசல் மிதியோடு வாரால் இணைத்தேன். மிதித்தால் இரண்டும் சுற்றும். தூசியை இழுக்க முதலில் சைக்கிள் டியூப். விசிறி உறிஞ்சியதும் ஒட்டிப்போயிற்று, தொண்டை அடைத்தாற்போல. பிறகு தகரத்தைச் சுருட்டினேன். நடுவில் மண்ணெண்ணெய் டின். கனத்த தூள் அதில் விழும். நுண்தூசி கடைசியில் ஒரு துணிப்பையில் தங்கவேண்டும். காற்று மட்டும் வெளியேறும்.

சாக்கில் தூசி நிற்கவில்லை. நெருக்கமான துணி வேண்டும். துணிக்கு ரேஷன்.

மதினி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பதினாறாம் நாளே உன் துணியெல்லாம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். உன் காக்கிச் சட்டையை மட்டும் மறைத்து வைத்திருக்கிறாள். கைகளின் முனையையும் கீழ்ப்புறத்தையும் தைத்தாள். நீ கடைந்த பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினாள். தலை இருக்கவேண்டிய இடத்தில் தகரக் குழாயைக் கட்டினேன்.

மிதித்தாள். மார்பு நிரம்பியது. பிறகு இடது கை உயர்ந்தது.

குரல் போன கடைசி நாட்களில் இடது கையைத் தூக்கித்தான் என்னைக் கூப்பிடுவாய். புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் "இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வாரேன்" என்பேன். எத்தனை பக்கங்கள்? நீ எண்ணினாயா?

குழாய் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதனால்தான். நான் விஞ்ஞானம் படிக்கிறவன்.

மதினி சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பத்தான் எந்திரிக்கியளோ? வேலையெல்லாம் நான் முடிச்சாச்சு."

ஒரு வாரம் இருமல் குறைந்தது. பிறகு திரும்பியது. பை அடைத்துவிட்டது. சாயங்காலம்தோறும் அவிழ்த்துக் குச்சியால் அடித்துத் தூசியை உதிர்க்கவேண்டும். இல்லையென்றால் விசிறி இழுக்காது. குச்சியோடு போனேன். குறுக்கே நின்றாள்.

"அவங்களையா அடிக்கப் போறிய?"

"மதினி, அது வெறும் பை."

"பின்ன ஏன் அதுக்கு முதுகக் காட்டியே உக்காருதிய?"

குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்தபோது தெருவிலேயே மிதியின் சத்தம் கேட்டது. கடைசலில் சிரட்டை இல்லை. வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தாள். உன் சட்டை நிரம்பி, தையல்களின் வழியே பழைய தூசியைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அறையெங்கும் பழுப்பு மூட்டம். இருமிக்கொண்டே மிதித்தாள். கால் நின்றால் நீ தொய்ந்துவிடுவாய்.

அவளையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாயா, அண்ணே?

என் சட்டையைக் கழற்றினேன். கல்லூரிக்கு இருக்கும் இரண்டில் நல்லது.

"இதத் தைங்க மதினி. என்னைய அடிச்சா கேக்க ஆளில்ல."

சட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்தாள். உன்னை அவளே அவிழ்த்தாள். உதறவில்லை. உள்ளிருந்த தூசியோடு மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

என் சட்டை நிரம்பியபோது உதட்டைப் பிதுக்கினாள். "காத்தடிச்சும் ஒடம்பு தேறல, பாருங்க."

இருமல் அடங்கி வருகிறது. சாயங்காலம்தோறும் நானே என்னை அடிக்கிறேன். பழுப்பாக உதிர்கிறது. மதினி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. குழாயை நிமிர்த்தினேன். பிறகு வலப்பக்கம் சாய்த்துக் கட்டினேன். வலது கைதான் முதலில் உயரவேண்டும்.

இடது கை உயர்கிறது.

காரணம் ஏதாவது இருக்கும். தேடப்போவதில்லை. இனி அது உயர்ந்தால், எந்த வரியில் இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வருவேன்.

பக்கத்தை முடிக்காமலே,
உன் தம்பி