வடகரையில் பெய்யாத மழை

வடகரை
14-9-1979

சிரஞ்சீவி பஞ்சாபகேசனுக்கு, அக்கா பிருஹதாம்பாள் ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. சௌக்கியம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. வயிறு எரிகிறது.

போன கடிதத்தில் என்னமாய்ப் பெருமை அடித்திருந்தாய்! பூனா ஆபீஸில் நூறு வருஷத்துப் புயல்களை எல்லாம் சேர்த்துப் பார்க்கிறீர்களாம். கடல் சூடேறினால் இனிமேல் வரும் புயல் எவ்வளவு மழை கொட்டும் என்று அதிலிருந்து சொல்லிவிடுவீர்களாம். அப்படியானால் போன கார்த்திகைப் புயலுக்கு உன் அத்திம்பேர் அனுப்பிய அளவை என்னடா பண்ணினாய்?

பள்ளிக்கூடத்து மழைமானி நிரம்பி வழிந்துவிடக் கூடாதே என்று, என் வீட்டு மனுஷர் அன்று காற்றில் தள்ளாடிக்கொண்டு மூன்று தடவை போய் அளந்து கொட்டினார். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதைச் சிவப்பு மையால் அடித்து, 'அளந்தவர் பிழை' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஒரு காரணம் வேறு! 'நான் அந்தப் பக்கத்துக்காரன். அங்கே ஆனி, ஆடிச் சாரல்தான் பெரிசு. கிழக்கே வரும் புயல் மலையடிவாரத்தில் இப்படிப் பெய்யாது.' நகல் தென்காசி தாலுகா ஆபீஸுக்கு வந்திருக்கிறது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஊரை விட்டுப் போய்ப் பதினெட்டு வருஷமாச்சு. லீவுக்கு வந்தாலும் ஆடியில் வருவாய், குற்றாலத்தில் குளித்துவிட்டு ரயில் ஏறுவாய். இங்கத்திக் கார்த்திகையை நீ எங்கே கண்டாய்?

உன் பேச்சை நம்பி ஓடைக்கரையில் சர்க்கார் செலவில் நாற்பது வீடு கட்டப்போகிறார்கள். அன்று கழுத்தளவு தண்ணீர் ஓடிய இடம். நமக்குப் பால் ஊற்றும் வடிவம்மாளுக்கும் அதில் ஒரு வீடு. "எம்புள்ளைகளுக்கும் ஒரு கூரை கெடைச்சிட்டும்மா" என்று சிரிக்கிறாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டாதீர்கள் என்று அத்திம்பேர் ஓவர்சியரிடம் போய்ச் சண்டை போட்டார். "பூனாவுலயே அடிச்சிட்டாங்க. அதுவும் உங்க மச்சினராம்லா. பொறவு என்ன சார் சொல்லுதீங்க" என்று கேட்டானாம். நாலு பேர் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவர் மழைமானிப் பக்கமே போகவில்லை.

அவரிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், போ. 'பிழை என்னுடையது' என்று கலெக்டருக்கு ஒரு வரி எழுது. அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். வடிவம்மாளின் கடைக்குட்டி இன்னும் தவழ்கிறது.

நீ நூறு வயசு நன்றாக இரு, ராஜா. அவர்களும் இருக்கட்டும்.

உன் அக்கா,
பிருஹதாம்பாள்