கீழ்ப்படிந்தவள்

பெரியநீலாவணை
11.06.2024

அன்புள்ள ஜெமீமாவின் அப்பாவுக்கு,

சுகம் கேட்டு எழுத வேண்டியவள், மூன்று கிழமை பிந்தி எழுதுகிறேன். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்க, நீங்கள் ஜெபிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். எனக்கு முறையே வருவதில்லை.

அக்கா வீட்டில் இருக்கிறோம். பிள்ளைக்குத் திரும்பவும் வலிப்பு மருந்துக் குளிசை கொடுக்கிறேன். வலிப்பு வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

ஊழியக்காரன் வீட்டிலேயே வலிப்பென்றால் சனம் என்ன சொல்லும் என்று, சபை முழுக்கப் பார்க்கக் குளிசைப் போத்தலைக் கடலில் எறிய வைத்தீர்கள். அது சாட்சியாம். படித்தவள் நான், எறிந்தேன். நாலாம் நாள் ஆராதனையில் பிள்ளை விழுந்தாள். அவள் கண் திறந்தபோது நீங்கள் மைக்கோடு முகத்துக்கு நேரே நின்று, "பேசாதே! வெளியே போ!" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பிசாசுக்குச் சொன்னீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

கப்பர்நகூமில் பிசாசு பிடித்த மனிதனிடம் இயேசுவும் அதைத்தானே சொன்னார் என்பீர்கள். ஓம். ஒரே தரம் சொன்னார். கெட்டது போனது, அந்த மனிதனுக்கு ஒரு கீறலும் இல்லை. அவருடைய அதிகாரம் அப்படி. உங்களுக்குக் கீழ்ப்படிந்தது பிள்ளை மட்டும்தான்.

ஒருக்கா வாருங்கள். மைக் வேண்டாம். பக்கத்தில் இருந்து "கதை மகள்" என்று சொல்லுங்கள். அது போதும்.

உங்கள்
கஜேந்தினி


வினாயகபுரம்
19.06.2024

கர்த்தருக்குள் பிரியமான கஜேந்தினிக்கு,

ஸ்தோத்திரம். அது ஊமை ஆவி. நீ குளிசை கொடுத்து அதற்குச் சோறு போடுகிறாய். உடனே நிறுத்து.

விசுவாசிகள் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பூபாலசிங்கம், சந்தியில் நின்று, "தன்ட வீட்டுப் பேயை ஓட்ட ஏலாதவர் எங்கட பேயையா ஓட்டப்போறார்?" என்று சிரிக்கிறாராம். என் நிலைமையையும் யோசி. ஞாயிறு பிள்ளையைக் கூட்டி வா, சபைக்கு முன் ஜெபிப்போம். வராவிட்டால் நானே வந்து கூட்டிப் போவேன்.

ஜீவராஜ்


பெரியநீலாவணை
24.06.2024

ஜீவராஜ் அவர்களுக்கு,

நேற்று நாங்கள் வரவில்லை. இன்று கல்முனையில் டொக்டர் சஹ்லாவிடம் காட்டினேன். அவர் பிள்ளையை ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை அவள் காதில் மாட்டி, மற்ற முனையைத் தன் நெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளை மெல்லமாக, "நான் கதைக்கலாமா?" என்றாள்.

"ஓம் மகள், கதைங்க. ஆரு வேணாமெண்டது?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. ஆடு, ஐஸ்பழம், அக்கா வீட்டுப் பூனை எல்லாம் வந்தது. பாண்டிருப்புக் கடந்த பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, அப்பா வந்தா திரும்பவும் பேசாம இரிக்கணுமா?"

இல்லையென்று சொல்லிவிட்டேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம்.

கஜேந்தினி